அரைப்பேர் அல்ல, முழுப்பேர்



கல்முனைக்குப் பக்கத்து மருதமுனை, கைத்தறிக்குப் பேர்போன ஊர். கால் ஏலாதவர் தறி மிதிக்க முடியாது. ஆனால் நூல் சுற்றலாம். நம்ம தோட்டத்திலும் அப்படித்தான். மலை ஏற ஏலாதவர் நாற்றுமேடையில் பை நிரப்பலாம். அதற்கும் முழுப்பேர்தான் போட வேணும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கவீனத்தைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது. இலங்கை 2016இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை, சம வேலைக்குச் சம சம்பளமும் தொழிற்சங்க உரிமையும் அங்கவீனருக்கு உண்டு என்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடந்து வராது. வேலை மறுக்கப்பட்டவர் தனியாகப் போனால் வாசலோடு திருப்பி விடுவார்கள். கமிட்டித் தலைவர் கூடப் போனால் பேச்சே வேறு.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: அவர்களையும் சங்கத்தில் சேருங்கள், கமிட்டியில் இடம் கொடுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றைப் பத்திரமாக வையுங்கள்.