சேமிப்பு சர்வரும் அதன் வாயிற்காவலும்

தாராவியில் ஒரு குடும்பத்தின் உரிமையை நிர்ணயிப்பது பல சமயங்களில் ஒரு பழைய காகிதமே ஆகும். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சீரமைப்புத் திட்டத்துக்காக வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிய பொழுது, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்னரே தரைத்தளத்தில் அமைந்திருந்த வீடுகளில் குடியிருப்போர் தாராவியிலேயே 350 சதுர அடி கொண்ட வீட்டை இலவசமாகப் பெறத் தகுதியுடையோர் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இதனை எவ்வாறு நிரூபிப்பது? மின்சார ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம் ஆகியவற்றைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை எந்த ஆண்டில் எந்த விலாசத்திலிருந்து பள்ளிக்கு வந்தது என்பதைக் காட்டும் பள்ளியின் ஜெனரல் ரிஜிஸ்டரும் இவ்வகையில் பெரிதும் உதவக்கூடியது. மழைநீர் புகுந்து மூலப் பத்திரம் அழிந்துபோன வீடுகளுக்கு, எங்கேனும் ஓர் அலுவலகத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்ட பிரதியே மிஞ்சுவதும் உண்டு.

இத்தகைய பிரதிகள் இக்காலத்தில் நெட்வொர்க் சேமிப்பு சர்வர் என்னும் சாதனத்தில் வைக்கப்படுகின்றன. பார்வைக்கு இது ஒரு சிறு பெட்டி; உள்ளே 2 அல்லது 4 வன்தட்டுகள் இருக்கும். அலுவலகத்தின் ரௌட்டருடன் இணைத்துவிட்டால், எல்லாக் கணினிகளும் இதனைப் பொது அலமாரியாக உபயோகிக்கலாம். விலைக்கு வாங்கி ஒரு மணி நேரத்தில் இயக்கிவிடக்கூடியதாக இருப்பதே இதன் சிறப்பு. அதுவே இதன் ஆபத்தும் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நடைபெறுவது யாதெனில், அனைவருக்கும் பொதுவாக ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் ஏற்படுத்தப்படுகின்றன. ஊரின் பெயருடன் அஞ்சல் எண்ணான 400017-இன் கடைசி இரு இலக்கங்களைச் சேர்த்து ‘தாராவி17’ என்று அமைப்பது எளிது. அச்சொல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டுக் கணினியின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது. அன்று முதல், அந்த அலமாரியைத் திறந்தவர் யார் என்று சொல்லும் ஆற்றலைச் சர்வர் இழந்துவிடுகிறது.

இரண்டு கேள்விகள்

சர்வர் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, ‘நீர் யார்?’ என்பது, இதற்கு அடையாளச் சோதனை என்று பெயர். இரண்டாவது, ‘உமக்கு எதுவரை அனுமதி?’ என்பது. மாட்டுங்கா நிலையத்தில் டிக்கட் பரிசோதகரின் முன் நிற்கும் பிரயாணியை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவருடைய அடையாள அட்டை அவர் யார் என்பதை மட்டும் கூறுகிறது. எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, முதல் வகுப்பிலா இரண்டாம் வகுப்பிலா என்பதைச் சீசன் டிக்கட்டே கூறுகிறது. முதற்கேள்விக்கு உண்மையான விடை கிடைக்காவிடில், இரண்டாம் கேள்விக்கு எவ்வளவு நுட்பமாக விதி வகுத்தும் பயனில்லை.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் செம்பூர், துரோம்பே பகுதிகளுக்கு எதிர்க் கரையிலேயே நிகழ்ந்தது. கழிமுகத்துக்கு அப்பால் உள்ள நவ சேவாவில், ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.பி.எம். டெர்மினல்ஸ் கம்பெனியால் நடத்தப்பட்டு வந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி அம்முனையத்தின் கணினிகள் செயலிழந்தன. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு உரியது என்று அறிய இயலாமல் வேலை தடைப்பட்டது. காரணம் உள்ளூரில் இல்லை. உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குக்காக உபயோகிக்கப்பட்ட ஒரு மென்பொருளின் புதுப்பிப்பில் புகுத்தப்பட்ட ‘நாட்பெட்யா’ என்னும் தீநிரல், மெர்ஸ்க் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியே உலகெங்கும் பரவியிருந்தது.

அது பரவிய விதமே இப்பாடத்துக்கு முக்கியமானது. கோப்புகளைப் பகிர உதவும் எஸ்.எம்.பி. என்னும் முறையின் பழைய வடிவில் ஒரு பிழை இருந்தது. அதற்கான திருத்தம் 2017 மார்ச்சு மாதமே வெளிவந்துவிட்டது. ஆயினும் திருத்தப்பட்ட கணினிகளும் தப்பவில்லை. ஏனெனில் அத்தீநிரலுக்கு இரண்டாவது வழி ஒன்றும் தெரிந்திருந்தது. ஒரு கணினியில் யாரேனும் உள்நுழைந்திருந்தால், அவருடைய அடையாளச் சான்று அக்கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கும். நாட்பெட்யா அதனைத் திருடி, அதே பெயரில் அடுத்த கணினியின் கதவைத் தட்டிற்று. அப்பெயர் நிர்வாகியின் பெயராக இருந்தால் எல்லாக் கதவுகளும் திறந்தன. பிழை ஏதுமின்றி, முறைப்படி, சரியான கடவுச்சொல்லுக்கே அவை திறந்தன.

மெர்ஸ்க் நிறுவனம் ஏறத்தாழ 10 நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதற்கு முதலில் வேண்டியிருந்தது, ‘யார் யார், எவருக்கு எது வரை அனுமதி’ என்று குறித்து வைக்கும் அடையாளப் பதிவேட்டுச் சர்வர். அவ்வகைச் சர்வர்கள் அந்நிறுவனத்துக்குப் பல இருந்தும், ஒன்றிலுள்ளதை மற்றது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் தனிப் பிரதி வைக்கப்படவில்லை. எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும், அந்நேரம் மின்சாரம் தடைப்பட்டு நெட்வொர்க்கிலிருந்து விலகியிருந்த காரணத்தால் பிழைத்தது. அதிலிருந்த விவரங்களை இணையம் வழியே அனுப்ப முயன்றால் பல நாட்கள் ஆகும் என்று கண்டு, வன்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே மற்றொருவரிடம் ஒப்படைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். ஒரு மின்தடை இவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காத்தது என்பது வியப்புக்குரியதே. எனினும் அதனைத் திட்டமாகக் கொள்ள இயலாது.

கடவுச்சொல்லின் கணக்கு

நன்கு அமைக்கப்பட்ட சர்வர் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. ஒரு கணித முறையால் அதனை அரைத்து, கிடைக்கும் விளைவை மட்டும் வைத்துக்கொள்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற இயலாதவாறு, அவ்விளைவிலிருந்து சொல்லை மீட்க இயலாது. ஆனால் திருடன் ஒருவன் அப்பட்டியலைக் கைப்பற்றினால், சொற்களை ஒவ்வொன்றாகத் தானே அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் 26-ஐக் கொண்டு 8 எழுத்துச் சொற்கள் சுமார் 20,883 கோடி அமைக்கலாம். அரைக்கும் முறை பழையதாகவும் எளிதாகவும் இருப்பின், ஒரு சாதாரண வரைகலைப் பலகை விநாடிக்கு 1,000 கோடி சொற்களைச் சோதிக்க வல்லது. ஆகவே அத்தனை சொற்களும் 21 விநாடிகளில் முடிந்துவிடும். எழுத்துக்களை 12 ஆக உயர்த்தினால், அதே வேகத்தில் ஏறத்தாழ 110 நாட்கள் ஆகும். 16 ஆக்கினால் 1,00,000 ஆண்டுகளுக்கும் மேல் செல்லும். நீளம் கூடுவதே பலம் என்பது இதனால் விளங்கும். ஓர் எழுத்தைக் குறியாக மாற்றிவிட்டு மகிழ்வதால் பெரிய லாபமில்லை. ‘தாராவி17’ போன்ற சொல்லுக்கோ இக்கணக்கே தேவையில்லை. ஊர்ப் பெயர்களின் பட்டியலில் அது முதலிலேயே வந்துவிடும்.

மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்க நாட்டுத் தர நிர்ணய ஸ்தாபனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, சொல் வெளிப்பட்டதாகச் சந்தேகம் இல்லாதவரை காலமுறை மாற்றத்தைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கூறியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள் என்பது எந்த அலுவலகத்திலும் காணக்கூடியதே. அதற்குப் பதிலாக, கைப்பேசியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணை இரண்டாம் சான்றாகக் கேட்குமாறு சர்வரை அமைத்தல் நலம். நிர்வாகியின் பெயருக்கு இது அவசியம்.

அனுமதிகளை வகுத்தல்

ஒரு பள்ளி அலுவலகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். முதல் வேலையாக, விருந்தினர் நுழைவை மூடிவிட வேண்டும். சாதனத்துடன் வரும் ‘அட்மின்’ என்ற பெயரை முடக்கி, வேறு பெயரில் நிர்வாகியை ஏற்படுத்த வேண்டும். சர்வரைக் கவனிக்கும் எழுத்தருக்கு இரண்டு பெயர்கள் தேவை: ஒன்று அன்றாட வேலைக்கு, மற்றொன்று நிர்வாகத்துக்கு மட்டும். நவ சேவாவின் அனுபவத்தை நோக்கினால், நிர்வாகியின் பெயரில் உள்நுழைந்தபடியே கடிதம் தட்டச்சு செய்வது ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் அளித்து, அவர்களை ஆசிரியர், அலுவலகம், களப் பணியாளர் என்று குழுக்களாக்கி, அனுமதியைக் குழுவுக்கே வழங்க வேண்டும். மாற்றல் வரும்பொழுது ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் போதும். விலகியவரின் பெயரை அன்றே முடக்கிவிட வேண்டும். ஆனால் அழித்துவிடலாகாது, அழித்தால் பழைய பதிவுகளில் அவர் செய்தவை யாருடையவை என்று தெரியாமற் போகலாம்.

ஜெனரல் ரிஜிஸ்டரின் பிரதிகள் உள்ள கோப்புறையில் எழுதும் அனுமதி ஓர் எழுத்தருக்கு மட்டுமே இருக்கலாம், ஆசிரியர்கள் படிக்கலாம். தலைமையாசிரியருக்கும் படிக்கும் அனுமதி மட்டுமே போதும். இங்கேதான் அலுவலகங்களில் மனத்தாங்கல் ஏற்படுகிறது. பதவியில் உயர்ந்தவருக்கு எல்லாக் கோப்புறையிலும் முழு அனுமதி வழங்குவது மரியாதை என்று கருதப்படுகிறது. உண்மையில் அது அவர்மீது சுமத்தப்படும் சுமை. அவர் திறந்த ஒரு மின்னஞ்சல் வழியே தீநிரல் புகுந்தால், அவருக்கு அனுமதியுள்ள அனைத்தும் அழியும். அனுமதி பதவியின் அடையாளமல்ல, வேலையின் தேவை என்பதை முதலிலேயே பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று.

களப் பணியாளர் வீடுகளிலிருந்து கொணரும் பத்திரப் பிரதிகளுக்குத் தனிக் கோப்புறை வேண்டும். அதில் அவர்கள் புதிதாகச் சேர்க்கலாம். சேர்த்ததை மாற்றவோ அழிக்கவோ இயலாதவாறு அமைக்கலாம். அனுமதி இரண்டு அடுக்குகளில் உள்ளது என்பதை மறத்தலாகாது. பகிர்வுக்கு ஓர் அனுமதியும், உள்ளிருக்கும் கோப்புகளுக்கு வேறோர் அனுமதியும் உண்டு. எஸ்.எம்.பி. முறையில் இரண்டில் எது குறுகியதோ அதுவே செல்லும்.

எஸ்.எம்.பி.யின் முதல் வடிவத்தை அறவே நிறுத்திவிட வேண்டும். என்.எஃப்.எஸ். என்னும் மற்றொரு பகிர்வு முறையைத் தெரியாமல் திறந்துவைப்பதும் ஆபத்தே. அதன் எளிய அமைப்பில், ‘நான் 1001-ஆம் எண் பயனர்’ என்று கணினி கூறினால் சர்வர் அப்படியே நம்பிவிடும். முதற்கேள்வி அங்கே கேட்கப்படுவதே இல்லை. தேவையில்லாத இடத்தில் அதனை மூடிவைக்கலாம்.

கடிகாரமும் பதிவேடும்

பெரிய அலுவலகங்களில் அடையாளச் சோதனைக்குக் கெர்பரோஸ் என்னும் முறை உபயோகமாகிறது. இதில் கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும். காரணம் தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்போர் பலர். முன்னர்க் கூறிய ஆறிலக்க எண்ணும் கடிகாரத்தையே சார்ந்தது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு, அரசு நிறுவனங்களும் கம்பெனிகளும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் கடிகாரங்களை இசைத்துக்கொள்ள வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றும், தாக்குதல் நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பொதுப் பெயரில் எல்லோரும் நுழையும் சர்வரில் 180 நாட்பதிவும் ஒரே பெயரையே திரும்பத் திரும்பக் காட்டும்.

செம்பூரில் தங்கியிருக்கும் பணியாளர் தாராவி அலுவலகச் சர்வரைத் திறக்க வேண்டுமாயின், ரௌட்டரில் வழி திறந்து சர்வரை நேரே இணையத்தில் வைத்தல் ஆகாது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் தீநிரல், அவ்வாறு இணையத்துக்கு முகம் காட்டி நின்ற கியூநாப் சேமிப்புச் சாதனங்களைத் தேடிப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது. வி.பி.என். என்னும் தனி வழியே நுழைவதே தக்கது.

பிரதி ஒன்றேனும் வேறிடத்தில், நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய நிலையில் இருத்தல் வேண்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரம் இது. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் கனமழையில் நீர் தேங்குவதும் யாவரும் அறிந்ததே. தரைத்தளத்து மேசையடியில் சர்வரும் அதன் பிரதியும் அருகருகே இருப்பதில் பொருளில்லை.

அமைத்து முடிந்தபின் சோதித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். ஆசிரியர் ஒருவரின் பெயரில் நுழைந்து, ரிஜிஸ்டர் கோப்புறையில் இதற்கென வைத்த ஒரு வெற்றுக் கோப்பை அழிக்க முயல வேண்டும். அழிந்துவிட்டால் இரண்டு அடுக்கு அனுமதிகளையும் மறுபடி ஒப்பிட வேண்டும். களப் பணியாளர் பெயரில் ஒரு கோப்பைச் சேர்த்து, பின்னர் அதனைத் திருத்த முயல வேண்டும். கடைசியாக, மாற்றலாகிச் சென்ற ஒருவரின் பெயரால் நுழைய முயன்று, அம்மறுப்பு சர்வரின் பதிவேட்டில் அப்பெயருடனும் சரியான மணி நிமிடத்துடனும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.