பேதையர் பொன்

பிரெஞ்சு நாட்டு மாலுமியாகிய ழாக் கார்த்தியே 1541-ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாகக் கனடாவை நோக்கிக் கப்பல் செலுத்தினார். இன்றைய குவிபெக் நகருக்கு அண்மையில், செயின்ட் லாரன்சு ஆற்றங்கரையில் அவருடைய குழுவினர் குடியேறினர். அங்கே பொன்னிறத் துணுக்குகளும் ஒளிவீசும் கற்களும் அவர்கள் கண்ணிற்பட்டன. பொன்னும் வைரமும் கிடைத்துவிட்டன என்று அவர்கள் களிகூர்ந்தனர். மறு ஆண்டு தாயகம் திரும்புகையில், நியூபவுண்டுலாந்துத் துறைமுகத்தில் தலைவர் ரோபெர்வால் எதிர்ப்பட்டார்; கனடாவுக்கே மீளுமாறு கட்டளையிட்டார். கார்த்தியே அதற்கு இணங்காது, இரவோடிரவாகப் பாய்விரித்துப் பிரான்சை அடைந்தார். அங்கே ஆராய்ந்து பார்த்தபொழுது, வைரம் வெறும் படிகக்கல் என்பது வெளிப்பட்டது. பொன் எனக் கருதியதோ பைரைட்டு என்னும் கனிப்பொருள்! போலிப் பொருளைக் 'கனடா வைரம்' எனச் சுட்டும் வழக்குப் பிரெஞ்சு மொழியில் இதனாலேயே தோன்றிற்று. ஆங்கிலேயர் பைரைட்டைப் 'பேதையர் பொன்' என்பர்.

பைரைட்டு, இரும்பும் கந்தகமும் கூடியதொரு சேர்மம். அதில் ஓர் இரும்பணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள் உள்ளன. எடையால் நூற்றுக்கு 46.6 பங்கு இரும்பு, எஞ்சிய 53.4 பங்கு கந்தகம். இதன் படிகங்கள் பெரும்பாலும் கனசதுர வடிவின; முகங்களில் நுண்ணிய வரிகள் ஓடும். ஸ்பெயின் நாட்டு நவஹூன் என்னும் ஊரிற் கிடைக்கும் கட்டிகளைக் காண்போர், கைவல்ல தச்சன் இழைத்தவையோ என ஐயுறுவர்.

நிறம் ஒன்றே பொன்னை ஒக்கும். குணம் முற்றும் வேறு. பொன்னைச் சுத்தியால் அடித்தால் தகடாகும், பைரைட்டு நொறுங்கும். மெருகிடாத பீங்கானில் தேய்த்தால், பொன் மஞ்சட் கோடிடும். பைரைட்டின் கோடு பசுமை கலந்த கருமை. பொன் நீரைப்போல் ஏறக்குறைய 19 மடங்கு கனமுடையது. பைரைட்டு 5 மடங்கே. ஒரு சுத்தியலும் உடைந்த பீங்கான் ஓடும் கொண்டு அறியத்தக்க உண்மையை, ஆசை மறைத்துவிட்டது.

பைரைட்டை எஃகினால் தட்டினால் தீப்பொறி பறக்கும். நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு வேர். பதினாறாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் சிலவற்றில், சுழலும் எஃகுச் சக்கரம் பைரைட்டில் உராய்ந்து வெடிமருந்தைப் பற்றவைத்தது. பிற்காலத்தில் இதனை வறுத்துக் கந்தக அமிலம் செய்தனர். நம் நாட்டிலும், பீகாரின் அம்ஜோரில் இதற்கென இக்கனிப்பொருளை வெட்டியெடுத்தனர்.

காற்றும் ஈரமும் சேர்ந்தால் பைரைட்டு தானே சிதைந்து அமிலத்தை உண்டாக்கும். கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து செந்நிற நீர் வழிந்து, ஆற்று மீன்களை மடிவிப்பது இதனாலேயே. அயர்லாந்தில் டப்ளின் நகரைச் சூழ்ந்த புதிய குடியிருப்புகளில், 2007-ஆம் ஆண்டளவில் வீட்டுத் தளங்கள் விம்மி, சுவர்கள் பிளந்தன. தளத்தின் கீழ் நிரப்பிய கல்லில் பைரைட்டு கலந்திருந்தது. அதிலிருந்து பிறந்த அமிலம், உடனிருந்த சுண்ணாம்புக் கல்லோடு வினைபுரிந்து ஜிப்சமாகிப் பருத்ததே காரணம். 2013-இல் அந்நாட்டு அரசு தனிச்சட்டம் இயற்றிற்று. குடும்பங்கள் வேறிடம் பெயர, தளங்களை உடைத்து, அக்கல்லை அள்ளியெறிந்து, புதுக்கல் நிரப்பினர்.