முதல் விமானப் பிரயாணமும் பிரசவ லேகியமும்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரிலிருக்கும் என் மகளுக்குப் பிரசவம் நெருங்குவதால், திருச்சியிலிருந்து தனியாக விமானம் ஏறப் போகிறேன், இதுவே முதல் தடவை. பிரசவ லேகியம், நார்த்தங்காய் ஊறுகாய், நல்லெண்ணெய், கொப்பரை, பூஜைக்குக் கற்பூரம், கைக்குப் பழகிய அரிவாள்மனை எல்லாம் கொண்டு போக ஆசை. எனக்கு இன்சுலின் உண்டு. ஒரு முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள். பரிசோதனையில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எதை எப்படிக் கட்டுவது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மையீர், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கப் போகும் தாய்க்கு வெறுங்கையோடு போக மனம் ஒப்பாதது இயற்கையே, தாங்கள் குறித்தவற்றுள் பெரும்பாலானவை தாராளமாகச் செல்லலாம். கைப்பையில் வைப்பது எது, விமானத்தின் அடித்தளத்தில் ஏற்றும் பெட்டியில் வைப்பது எது, வீட்டிலேயே விட்டுச் செல்வது எது என்ற பாகுபாடு மட்டும் தெரிந்தால் போதும். அதையும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை, விதிக்குக் காரணம் விளங்கிவிட்டால் விதி தானே நினைவில் நிற்கும்.

லேகியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைப் பானப் புட்டிகளில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கச் சிலர் தீட்டிய சதி அம்பலமானதை அடுத்தே, கைப்பையிலுள்ள திரவத்துக்கு 100 மில்லிலிட்டர் என்ற வரம்பு உலகெங்கும் பரவிற்று. லேகியம், ஊறுகாய், தொக்கு, அல்வா ஆகிய குழைவான பதார்த்தங்களும் இவ்விதிக்குள் அடங்கும். கணக்கிடப்படுவது பாத்திரத்தின் கொள்ளளவேயன்றி உள்ளிருக்கும் பொருளன்று. பெரிய புட்டியின் அடியில் இரண்டு கரண்டி லேகியம் இருந்தாலும் அது தடுக்கப்படும். ஆகவே லேகியத்தையும் ஊறுகாயையும் இறுக மூடி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் சிங்கப்பூர் தேக்காவின் கடைகளில் கிடைக்கும்; வழியில் கசிந்து புடவைகளைப் பாழாக்குவானேன்?

கொப்பரையும் கற்பூரமும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். கற்பூரம் எளிதில் தீப்பற்றுவது என்பது நாம் அறிந்ததே. கொப்பரையைப் பற்றித்தான் பலர் வியப்படைகிறார்கள். அதிலுள்ள எண்ணெய் காற்றோடு கலந்து மெல்ல மெல்லத் தானே உஷ்ணமடையக் கூடியதாதலால், சர்வதேச விதிகள் அதனை அபாயகரமான சரக்குகளின் வரிசையில் வைத்திருக்கின்றன. அரிவாள்மனை பெரிய பெட்டியில் போகலாம். ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கும் உத்தியோகஸ்தரின் கையைப் பதம் பார்த்துவிடாதபடி அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் இருந்தால், அது மட்டும் பெரிய பெட்டியில் இருக்கவே கூடாது. அடித்தளத்தில் மூளும் நெருப்பைப் பறக்கும்போது யாரும் எட்ட முடியாது, கைப்பையிலானால் பணிப்பெண்கள் உடனே அணைப்பார்கள். அதன் திறன் 100 வாட்-மணிக்கு மேற்படாததாயும், அந்த எண் அதன்மேல் அச்சிடப்பட்டதாயும் இருக்கட்டும்.

கைப்பையை அடுக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. ஊடுகதிர் யந்திரத்தின் திரையில் துணி, உணவு, காகிதம் முதலியன ஆரஞ்சு நிறமாகவும், உலோகங்கள் நீலமாகவும் தோன்றும். கனத்த இனிப்புக் கட்டியோ, நெருக்கி அடுக்கிய புத்தகங்களோ, சில வெடிபொருள்களை ஒத்த அடர்த்தியோடு தெரிவதால், திரையைப் பார்ப்பவர் சந்தேகப்பட்டுப் பையைத் திறப்பது அவருடைய கடமையாகிறது. பொருளின்மேல் பொருளைத் திணிக்காமல், சாவிக்கொத்து, சில்லறைக் காசு, கைப்பேசி ஆகியவற்றைத் தனியே தட்டில் இட்டால், பெரும்பாலும் பை திறக்கப்படாமலே உங்கள் கைக்கு வந்துவிடும். வெற்றுப் புட்டியைக் கொண்டு போய், பரிசோதனை முடிந்த பிறகு உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே உறைந்துவிட்டால் மருந்தின் குணம் கெட்டுப்போகும். மருத்துவர் சீட்டோடு ஊசியும் மருந்தும் கைப்பையில் இருக்கலாம், கேட்பதற்கு முன்னரே எடுத்துக் காட்டிவிடுங்கள். முழங்காலைக் குறித்துக் கூச்சமே வேண்டாம். உலோக மூட்டு இருந்தால், உலோகத்தைக் கண்டறியும் வாயில் ஒலி எழுப்பத்தான் செய்யும். அப்போது உங்களைச் சோதிப்பது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, நம் விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படையின் பெண் காவலர்களே பெண்களைத் திரையிட்ட மறைவிடத்தில் சோதிப்பார்கள். உள்ளே நுழைந்ததும், “முட்டியில உலோகம் வச்சிருக்கும்மா” என்று சொல்லி, மருத்துவர் கடிதத்தைக் காட்டுங்கள். நெடுநேரம் நிற்க இயலாதென்றால் நாற்காலி கேட்கவும் தயங்காதீர்கள். தாலியைக் கழற்ற நேருமோ என்று கலங்க வேண்டாம், கைக்கருவியால் தடவிப் பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கைப்பைச் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலருகிலேயே நடப்பதால், உள்ளே வாங்கிய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.