இரவுப் பணிக்குப் போகும் மருமகளுக்கு

தைப்பிங்

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஹோட்டலில் உன்னை டூட்டி மேனேஜராக உயர்த்தியிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. இரவுப் பணியும் உண்டாமே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுடையது பெரிய கம்பெனி. பேரிடர் வந்தால் யார் எங்கே நிற்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்று தடித்த புத்தகம் போட்டு வைத்திருப்பார்கள். அதை வரி விடாமல் படி. படித்து முடித்ததும் உன் மேலாளரிடம் ஒன்றைக் கேள்: விடியற்காலை மூன்று மணிக்கு, மேலிடத்தில் யாரும் போனை எடுக்காவிட்டால், விருந்தினர்களை எழுப்பி வெளியேற்றும் அதிகாரம் என்னிடம் இருக்கிறதா? பதிலை எழுத்தில் வாங்கி வை.

2004 டிசம்பர் 26இல் நீ சின்னப் பிள்ளை. அன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி குலுங்கியது. பினாங்கின் உயரமான கட்டடங்களில் இருந்தவர்களுக்கு அது தெரிந்தது. சுனாமி அலை அங்கே வந்ததோ பிற்பகல் ஒன்றே கால் மணி வாக்கில். இடையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று பிள்ளைகளோடு கடலில் இறங்கிய குடும்பங்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. மலேசியாவில் மாண்ட 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் போனவர்கள். இன்றைக்கும் அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அதே நாளில் புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். பள்ளியில் அண்மையில்தான் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். பெற்றோரிடம் சொன்னாள், அப்பா ஹோட்டல் காவலரிடம் சொன்னார், காவலர் நம்பினார். கரை காலியானது. அந்தக் கரையில் ஓர் உயிரும் போகவில்லை. அது மேரியட் கம்பெனியின் ஹோட்டல். ஒரு குழந்தையின் பேச்சைத் தட்டாத அந்தக் காவலரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உன் ஹோட்டலில் இரவுக் காவலுக்கு நேப்பாளத்துத் தம்பிகள் இருப்பார்கள். கடல் உள்வாங்குவதை முதலில் பார்க்கக்கூடியவர் அவர்களில் ஒருவர்தான். அவர் ஓடி வந்து சொன்னால் நீங்கள் கேட்பீர்களா? சொல்ல அவருக்குத் தைரியம் வருமா? தப்பாகச் சொல்லிவிட்டால் வேலை போகும் என்ற பயம் அவருக்கு இருக்கும்வரை அந்தப் புத்தகத்தால் பயனில்லை. தப்பாகவே சொல்லியிருந்தாலும் எல்லார் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொல்.

லாரூட் மலையில் நான் லேண்ட் ரோவர் ஓட்டிய காலத்தில் எங்களிடம் இந்த ஒழுங்கு இருந்தது. தைப்பிங் மழை உனக்குத் தெரியாததா! ஓடைத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால் வண்டி ஏறாது. மேலே விருந்தினர் இல்லத்தில் எவ்வளவு பெரிய மனிதர் காத்திருந்தாலும் டிரைவர் சொன்னதுதான் முடிவு.

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் கூடாரங்களில் தூங்கியவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் போனார்கள். அங்கே முகாம் நடத்த உரிமமே இல்லையென்று அமைச்சர் பிறகு சொன்னார். பெரிய கம்பெனிகளை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே தீயணைப்புத் துறையான பொம்பா வந்து சோதிக்கிறது, சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையைத் தொல்லையாக நினைக்காதே.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். ஹோட்டல்களில் அதிகம் நடப்பது தீப் பயிற்சி. மணி அடித்தால் எல்லாரும் படியிறங்கித் திடலில் கூட வேண்டும். கடலோர ஹோட்டலில் அந்தத் திடல் கடலைப் பார்த்து இருந்தால்? அலை வரும்போது கெட்டியான கட்டடத்தில் மேல் மாடிக்கு ஏற வேண்டும், இல்லையென்றால் மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். இறங்கியே பழகிய கால்கள் அன்றும் இறங்கத்தான் பார்க்கும். அதனால் ஏறும் பயிற்சியைத் தனியாகக் கேட்டு வாங்கு. துப்புரவு அக்காமாரும் சமையல்கட்டு ஆட்களும் இல்லாமல் அதை நடத்தாதே.

விருந்தினர் பட்டியலை ஒவ்வொரு ஷிப்டிலும் காகிதத்தில் அச்செடுத்து வை, கரண்டு போனால் கம்ப்யூட்டர் உதவாது. படியேற முடியாதவர் எந்த அறையில் என்று அதிலேயே குறித்துக்கொள். ஜெனரேட்டர் எண்ணெயை நீயே பார். அமெரிக்காவில் வாஃபிள் ஹவுஸ் என்ற சாப்பாட்டுக்கடைக் கம்பெனி, புயலுக்குப் பின் கரண்டு இல்லாமலும் எதைச் சமைக்கலாம் என்று சின்ன மெனு ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறது. அந்தக் கடை மூடிக் கிடந்தால் ஊரின் நிலை மோசம் என்று அரசாங்கப் பேரிடர்த் துறையே கணிக்கும் அளவுக்கு அது பேர் பெற்றது. உங்கள் சமையல்கட்டும் அப்படி ஒரு மெனு எழுதலாம்.

கடைசியாக, உன் ஆட்களின் வீடுகள். 2017 நவம்பரில் பினாங்கு ஒரே இரவில் வெள்ளத்தில் மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இரவில் வீட்டில் பிள்ளை தண்ணீரில் நிற்க, இங்கே விருந்தினருக்குத் துண்டு மடிக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஊழியர் குடும்பங்களை ஹோட்டலிலேயே தங்கவைக்க முடியுமா, எத்தனை அறை ஒதுக்க முடியுமென்று அடுத்த மழைக்காலத்துக்குள் நிர்வாகத்திடம் பேசு. முடியாதென்றால் மறுபடியும் கேள்.

அன்புடன்,
மாமா