தாய்மையும் மூன்று தாமதங்களும்

பிரசவத்தைப் பற்றி எழுத ஒரு ரயில்வே இன்ஜினீயருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று படிக்கப் படிக்க, இது எனக்குப் பழகிய பாடம்தான் என்று புரிந்தது. அந்தப் பாடத்தின் பெயர் தாமதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கருவுற்ற காலத்திலும் பிரசவத்திலும் அதன் பின்னரும் ஏற்பட்ட சிக்கல்களால் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தனர். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏழை நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். நம் நாட்டில் 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இறந்த தாய்மார்கள் கேரளத்தில் 19 பேர், தமிழ்நாட்டில் 54 பேர், உத்தரப் பிரதேசத்தில் 167 பேர், அஸ்ஸாமில் 195 பேர். தேவையான மருந்துகள் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

மூன்று தாமதங்கள்

ரயில்வேயில் ஒரு வண்டி லேட்டாக வந்தால், இழந்த நிமிடங்கள் எந்த இலாகாவின் கணக்கில் சேரும் என்று பிரித்து எழுதுவோம். செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994ல் வெளியிட்ட கட்டுரையில் பிரசவ மரணங்களுக்கும் இதே போன்ற கணக்கு ஒன்றைப் போட்டார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய தாமதங்கள் மூன்று.

முதல் தாமதம் வீட்டில். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, விடியட்டுமா, மாமியார் என்ன சொல்வார், பணம் எவ்வளவு ஆகும் என்று முடிவெடுக்கப் பிடிக்கும் நேரம்.

இரண்டாம் தாமதம் வழியில். நான் வேலை பார்த்த நாட்களில், இரண்டு சிறு ஸ்டேஷன்களுக்கு இடையே இருந்த கேங்மேன் குவார்ட்டர்ஸ்களுக்குச் சாலையே கிடையாது. வலி கண்ட பெண்ணைத் தள்ளு டிராலியில் உட்காரவைத்து அடுத்த ஸ்டேஷன் வரை கொண்டுபோனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். 2005ல் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. 2011ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் சிசேரியனும் மருந்தும் ரத்தமும் போக்குவரத்தும் இலவசம்.

மூன்றாம் தாமதம் ஆஸ்பத்திரிக்குள். டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை, மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை என்று கழியும் நேரம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். ஷிப்டு முறையின் அருமை ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பையின் தசை இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. தசை சுருங்கத் தவறினால் அடைப்பானை மூடாத குழாய் போலத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவள் இந்த இழப்பைத் தாங்கமாட்டாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மிக மலிவு. ஆனால் அதைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத கிராமத்தில் ஊசி இருக்கும், அதன் வீரியம் இருக்காது. ரத்தத்தை உறையவைக்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிந்திக் கொடுத்தால் பயனில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது 2023ல் வெளியான ஓர் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். போகும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்து அளந்தார்கள். கோட்டைத் தாண்டியவுடன் வயிற்றை நீவுதல், ஊசி, டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைந்தன. அளந்து பார்த்தால்தான் பழுது தெரியும் என்று எங்கள் தொழிலில் சொல்வதும் இதையே.

பிரசவம் முடிந்துவிட்டதா?

குழந்தை பிறந்ததும் அனைவர் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. தாய்க்கு ஆபத்து முழுவதும் நீங்க ஆறு வாரம் ஆகும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது பிரசவத்துக்குப் பின்னும் நிகழும். காய்ச்சல் கண்டால் 'பால் கட்டியதால்தான்' என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அது கர்ப்பப்பையில் கிருமி தொற்றியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதும் தவறு. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் இரும்புச்சத்து மாத்திரை அவசியம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு

நம் வீடுகளில் முதல் தாமதம் சற்று நீளமானது. பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், போனில்தான் யோசனை. புதிதாக வந்த மருமகளுக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாது. தலைவலி எப்படி இருக்கிறது, எத்தனை துணி நனைந்தது என்று நர்சிடம் சொல்ல வார்த்தை கிடையாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஏழாம் மாதத்திலேயே செய்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எந்த மருத்துவமனை, அங்கே இரவில் டாக்டரும் ரத்தமும் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். 108, 102 எண்களில் உங்கள் ஊரில் எது என்று அறிந்து சுவரில் எழுதுங்கள்.

2. ரத்தம் கொடுக்கக்கூடிய இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சங்கத்தில் கேட்டால் முன்வருவார்கள்.

3. 'ரத்தம் அதிகம் போகிறது', 'தலை கடுமையாக வலிக்கிறது', 'கண் மங்குகிறது', 'மூச்சு முட்டுகிறது' ஆகிய நான்கு வாக்கியங்களை உள்ளூர் மொழியில் கர்ப்பிணிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

4. பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டாலோ, வலிப்பு, துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலோ, தாய் ஓயாமல் அழுது உயிரை வெறுத்துப் பேசினாலோ, உடனே கிளம்புங்கள். ஊருக்குப் போன் போடுவதை வண்டியில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

5. மருத்துவமனையிலிருந்து வந்த பின், முதல் வாரத்தில் ஒரு முறையும், இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும், ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் தாயைக் காட்டுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாயின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லலாம்.

இரண்டாம், மூன்றாம் தாமதங்களைக் குறைப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. முதல் தாமதம் நம் வீட்டுக் கணக்கில் எழுதப்படுவது. கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கர்ப்பிணியே சொன்னால், அதற்கு மேல் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம்.