கைக்கு ஒரு வேலை: தூண்டிலுக்கு மர மீன் செய்தல்



மண்சரிவாலோ போராலோ ஊரை விட்டு வந்தவர்களுக்குக் காணியோடு கைவேலையும் போய்விடுகிறது. விடியுமுன் மண்வெட்டி எடுத்த கை இப்போது மடியில் கிடக்கிறது. நிவாரண அரிசி பசியைத் தீர்க்கும். சும்மா இருக்கும் கைக்கு அது மருந்தாகாது. மாலையில் அந்தக் கை கசிப்பைத் தேடிப் போவதைப் பல தாய்மார் அறிவர். ஆகவே, அதிக செலவில்லாத ஒரு பொழுதுபோக்கை இப்பாடத்தில் கற்போம். தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டும் மர மீனே அது. இதைப் பொய்யிரை என்றும் சொல்லலாம்.

ஓர் ஏழையின் கண்டுபிடிப்பு

பின்லாந்து நாட்டில் லவுரி ராபலா என்பவர் ஏரியில் மீன்பிடித்து வாழ்ந்தார். கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் காயப்பட்ட சிறு மீனையே பெரிய மீன் பாய்ந்து பிடிப்பதை அவர் கவனித்தார். 1936இல், செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சொக்லேற் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அவ்வாறே தள்ளாடும் ஒரு மீனைச் செய்தார். இன்று அவர் பெயரிலான பொய்யிரைகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. அவருக்கு முதலாக இருந்தவை கூர்ந்த பார்வையும் பொறுமையும். விவசாயிக்கும் இவை இரண்டும் உண்டு.

செய்முறை

1. தேயிலைக்கு நிழலாக நட்ட முள்முருக்கின் மரம் இலேசானது. வெட்டிப் போட்ட கிளையில் விரற்கனத்தில் மூன்று அங்குலத் துண்டெடுத்து நன்கு காயவிடுங்கள்.

2. மீன் வடிவில் செதுக்கி, அரத்தாளால் தேயுங்கள். வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் வாளால் ஒரு பிளவு போடுங்கள்.

3. துருப்பிடிக்காத ஒரே கம்பியை மூக்கிலிருந்து வால்வரை பிளவில் வைத்து, மூக்கு, வயிறு, வால் ஆகிய இடங்களில் வளையம் விடுங்கள். பாரத்துக்கு ஒரு சிறு ஆணித்துண்டை வயிற்றில் வைத்துப் பசையால் மூடுங்கள். மீன் இழுக்கும்போது பாரத்தைக் கம்பி தாங்கும், மரம் பிளவாது.

4. தாடையின் கீழ், தடித்த பிளாஸ்டிக் துண்டொன்றைச் சாய்வாகச் செருகி ஒட்டுங்கள். இழுக்கும்போது நீர் இதில் மோதுவதால்தான் மர மீன் தள்ளாடுகிறது.

5. முதலில் வெள்ளை பூசிக் காயவிடுங்கள். பிறகு முதுகுக்குக் கறுப்பு அல்லது கரும்பச்சை பூசுங்கள். வயிறு வெள்ளையாகவே இருக்கட்டும். உண்மை மீனும் அப்படித்தான்: மேலிருந்து பார்த்தால் இருண்ட நீரோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். பழைய நுளம்புவலைத் துண்டைப் போர்த்தி, அதன் மேல் பஞ்சால் நிறம் ஒற்றினால் செதில் தோன்றும். கண்ணைப் பெரிதாக வரையுங்கள். கலங்கிய நீருக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் நன்று. நிறம் காய்ந்தபின், நகத்துக்குப் பூசும் நிறமற்ற கியூடெக்ஸை இருமுறை பூசுங்கள்.

6. முள் மாட்டுமுன் தங்கூசியில் கட்டி நீரில் இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தைச் சற்று வலப்பக்கம் வளையுங்கள்.

நினைவிற் கொள்க

பாரத்துக்காகப் பழைய பற்றரியின் ஈயத்தை உருக்கவே வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பிள்ளைகள் நிறம் பூசட்டும். முள்ளைப் பெரியவர்கள் மாட்டட்டும்.

வன்னிக் குளத்து விரால் ஓடும் இரையைத் துரத்தும். ஆகவே மர மீனுக்கு அகப்படும். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா பெரும்பாலும் பாசி தின்பது. அதற்கு மண்புழுவே மேல். காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் தூண்டில் போட அனுமதி உண்டா என முதலில் விசாரியுங்கள். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்க வேண்டாம். வான்கதவு திறந்தால் நீர் திடீரெனப் பெருகும்.

இது குடும்பத்தைக் காப்பாற்றும் தொழிலன்று. இழந்த காணிக்கு ஈடுமன்று. காணி கேட்கும் உரிமையைக் கைவிடாமலே, காத்திருக்கும் நாட்களில் தந்தையும் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து செய்யும் வேலை இது.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் மாலை நேரம் எவ்வாறு கழிகிறது? அதனால் யார் துன்பப்படுகிறார்கள்?

2. மீன் பளபளப்பைக் கண்டு ஏமாறுகிறது. காணி, வெளிநாட்டு வேலை என்று தரகர்கள் காட்டும் எந்தப் பளபளப்புக்கு நாம் ஏமாறுகிறோம்?

3. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் பேதுரு தூண்டில் போட அனுப்பப்படும் பகுதியை வாசியுங்கள். அவர் கையறிந்த வேலையையே ஆண்டவர் கேட்டார். நம் கைகள் அறிந்த வேலைகள் எவை? அவற்றை நம் பிள்ளைகளில் யார் கற்றிருக்கிறார்கள்?