பாப் ரிவெட் கேட்டு வருபவரிடம்

வேன் பாடி, கூலர் பெட்டி முதலிய தகட்டு வேலைகளுக்கு "நாலு எம்.எம். பாப் ரிவெட் நூறு கொடுங்க" என்று கேட்டதும், கைக்குக் கிடைத்த பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுகிறோம். விட்டம் மட்டும் போதாது, நீளமும் வேண்டும். சேர்க்கும் தகடுகளின் மொத்தக் கனத்தோடு, ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் ஏறக்குறைய நீளம் வந்துவிடும். ஒரு எம்.எம். தகடு இரண்டு என்றால் 2-ம் 6-ம் சேர்த்து 8 எம்.எம். இதில் குறைந்தால் பின்புறம் தலை சரியாக விரியாது. வண்டி ஆட்டத்தில் கழன்றுவிடும். பழி நம் சரக்கின் மேல்தான் விழும்.

துளை 4.1 எம்.எம். இருக்கவேண்டும். அந்த அளவு ட்ரில் பிட்டையும் எடுத்துக் காட்டுங்கள்; நமக்கும் ஒரு விற்பனை. பிசிறை நீக்கி, தகடுகளை இடைவெளியின்றி அழுத்திப் பிடித்த பிறகே ரிவெட் அடிக்கவேண்டும்.

விலை குறைவென்று எல்லோரும் அலுமினியத்தையே கேட்பார்கள். எவர்சில்வர் தகட்டில், அதுவும் தண்ணீர் படும் இடத்தில், அலுமினிய ரிவெட் அரித்துப்போகும். அங்கே எவர்சில்வர் ரிவெட்தான் சரி. விலையைக் கேட்டு முணுமுணுப்பார்; காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் 4.8 எம்.எம். எவர்சில்வர் ரிவெட்டைச் சாதாரணக் கை கன்னில் இழுப்பது கடினம். எந்தக் கன் வைத்திருக்கிறார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரித்த பாக்கெட்டோடு மறுநாள் வந்து நிற்பார்.